வெயிலிலும் புயல் காட்டிய முள்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போதே தரமாட்டேன். குருவே அதை ஆறு மாதம் வாய்க்குள் அடக்கிக்கொண்டிருந்தார்; நீங்கள் ஐந்து நிமிடம் பொறுக்க மாட்டீர்களா?

சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஆசிரமம். குரு ஒரு பெண், பெயர் பூங்காவனம். வயது முப்பத்துநாலு. முன்னாள் நர்ஸ். சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்தொன்று. வானிலை அலுவலகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீடர் 'குருவே' என்பார். குரு 'ஐயா' என்பார். புதிதாக வருகிறவர்கள் யார் காலில் விழுவது என்று தெரியாமல் முழிப்பார்கள்.

சீடருக்கு எட்டு வருஷமாக முடக்குவாதம். காலையில் இரண்டு கையும் பன் மாதிரி வீங்கியிருக்கும். விரல் மடங்காது. சோற்றைக் கரண்டியால் அள்ளித்தான் சாப்பிடுவார். அள்ளும்போது யார் முகத்தையும் பார்க்கமாட்டார்.

அவர் அறைச் சுவரில் பித்தளையில் ஒரு பாரோமீட்டர் தொங்கியது. முள் இடப்பக்கம் சாய்ந்தால் மழை. வலப்பக்கம் சாய்ந்தால் வெயில். தினமும் எழுந்ததும் கண்ணாடியில் ஒரு தட்டு தட்டி முள்ளைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் கை வலிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார்.

பிறகு சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து அறிவிப்பார். மூக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு வாசியுங்கள், அவர் குரல் அப்படியே வரும்:

"காற்றழுத்தம் குறைந்துள்ளது. அடுத்த இருபத்துநாலு மணி நேரத்தில் இடது மணிக்கட்டிலும் அதனை ஒட்டிய விரல்களிலும் கனமான வலிக்கு வாய்ப்புள்ளது."

சேலத்து டாக்டர் அவருக்கு ஞாயிறுதோறும் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். முள் மழைப் பக்கம் இருந்தால் சீடர் அதைப் போடுவார். வெயில் பக்கம் இருந்தால் போடமாட்டார்.

"வெயில்ல எவனாவது ரெயின்கோட் போடுவானா?" என்பார்.

பங்குனி முழுக்க வெயில். ஒரு மாத்திரைகூட உள்ளே போகவில்லை. சித்திரையில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இன்னும் ஒரு வருஷம் இப்படியே போனா விரலெல்லாம் கோணிக்கும் சார். அப்புறம் யாராலயும் நேராக்க முடியாது."

மலைக்குத் திரும்பிய சீடர் நேராகக் குருவிடம் போனார்.

"குருவே, மழை எப்படி எலும்புக்குள்ள போகுது?"

"வாங்க," என்றார் குரு.

கொய்யா மரத்தடியில் சிங்காரம் கட்டிக் கிடந்தது. ஆசிரமத்துக் காவல் நாய். திருடன் எவனையும் அது கடித்ததில்லை. கடித்ததெல்லாம் ஆசிரமத்து ஆட்களைத்தான்.

"இது யாரு?"

"காவல்காரன். நம்ம ஆளையே கடிக்கிற காவல்காரன்."

"உங்க எதிர்ப்பு சக்தியும் அப்படித்தான் ஐயா. கிருமியைக் கடிக்கட்டும்னு உள்ளே இருக்கிற காவல். அது உங்க மூட்டைக் கடிக்குது. சரி, இடி இடிச்சா சிங்காரம் என்ன பண்ணும்?"

"இன்னும் கொஞ்சம் வெறி ஏறும்."

"குளிரும் ஈரமும் உள்ளே இருக்கிற காவலையும் சீண்டலாம். எவ்வளவு சீண்டும், எல்லாரையும் சீண்டுமான்னு படிச்சவங்களே இன்னும் முடிவுக்கு வரல."

"அதைத்தானே நானும் சொல்றேன்! எல்லாம் வானிலை!"

குரு அண்ணாந்து பார்த்தார். துண்டு மேகம்கூட இல்லை.

"நல்ல வெயில்," என்றார். "சங்கிலியை அவிழ்த்து விடட்டுமா?"

அறுபத்தொரு வயதில் சீடர் துவைக்கிற கல்லின் மேல் தாவி ஏறினார்.

"வேண்டாம், வேண்டாம் குருவே!"

"ஏன்? இடி இல்லையே."

சீடர் கல்லின் மேல் நின்றபடியே வெகுநேரம் யோசித்தார். உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்துவிட்டது. சிங்காரத்துக்கே புரிந்திருக்கும்.

"நாய்க்கு ஏது குருவே பாரோமீட்டர்?" என்றார் சீடர்.

மறுநாள் சீடர் குளிக்கப் போன நேரம் பார்த்துக் குரு அவர் அறைக்குள் நுழைந்தார். பாரோமீட்டரின் பின்பக்கம் முள்ளை நகர்த்த ஒரு சின்னத் திருகு உண்டு. பச்சை பிடித்து இறுகியிருந்தது. குறட்டால் பிடித்து ஒரே திருகு. முள் சாய்ந்துபோய் மழைப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது.

சிரிப்பு இங்கேயா? இல்லை. பொறுங்கள்.

வைகாசி. பாறை கொதிக்கிற வெயில். சீடர் சுவெட்டர் போட்டு, மப்ளர் சுற்றி, குடை பிடித்துக்கொண்டு சாப்பிட வந்தார்.

"கடும் தாழ்வு நிலை. யாரும் துணி காயப்போட வேண்டாம்."

"கொஞ்சம் வெளிய எட்டிப் பாருங்கய்யா," என்றாள் சமையல்கார ரெங்கம்மா. "வத்தல் போட்டு ஒரு மணி நேரம் ஆகல, நொறுங்குது."

"வானம் பொய் சொல்லும் ரெங்கம்மா. கருவி சொல்லாது."

"அதானே," என்றார் குரு, முகத்தை மோர் டம்ளருக்குள் ஒளித்துக்கொண்டு. "ஞாயித்துக்கிழமை மாத்திரையை மறந்துடாதீங்க ஐயா."

"மறப்பேனா? இந்த முள்ளைப் பார்த்த பிறகுமா?"

ஞாயிறுக்கு ஒரு மாத்திரை. மாதம் ஒருமுறை கீழே இறங்கி ரத்தப் பரிசோதனை. முள் இருந்த பக்கத்தை விட்டு அசையவில்லை. ஆனியில் சீடர் முனகிக்கொண்டேதான் இருந்தார். ஆடியில் முனகலில் சுரத்து குறைந்தது.

ஆவணியில் ஒரு மதியம் அவருடைய கரண்டியைக் காணோம். ரெங்கம்மா கழுவப் போட்டிருந்தாள். நல்ல பசி. ரசம் ஆறிக்கொண்டிருந்தது. சீடர் எதையும் யோசிக்காமல் சோற்றுக்குள் கையை விட்டார். பிசைந்தார். ஐந்து விரலும் குவிந்தன. அள்ளி வாயில் போட்டார்.

கூடத்தில் மெல்லுகிற சத்தம் நின்றது.

சீடர் தன் கையைப் பார்த்தார். இன்னொரு வாய் அள்ளினார். மணிக்கட்டில் ரசம் வழிந்தது. அதையும் விடவில்லை, நக்கினார்.

"ரெங்கம்மா! இன்னும் ஊத்து! பாத்திரத்தோட கொண்டா!"

ரெங்கம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கேட்டால் மிளகு நெடி என்றாள்.

இந்த வெற்றிக்கு யாருக்கு மாலை போட்டார் என்கிறீர்கள்? தனக்கேதான்.

"நாலு மாசம் தாழ்வு நிலையிலேயே கிடந்து, என் உடம்பு தாழ்வு நிலையையே ஜெயிச்சிருச்சு!" வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கையை மூடி மூடித் திறந்து காட்டினார். தபால்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். தபால்காரர் 'ஐயோ' என்றார். சீடருக்கு அது போதாமல் மறுபடியும் குலுக்கினார்.

குரு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

ஐப்பசியில் நிஜப் புயல் வந்தது. காப்பிச் செடிகள் தரையோடு படுத்தன. சீடர் அந்தக் குளிரில் வெறும் பனியனோடு, முஷ்டியை மடக்கியபடி, பாரோமீட்டரின் முன்னால் நின்றார். முள் கடைசிக் கோட்டையும் தாண்டி, எண்ணே இல்லாத வெற்றிடத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

தட்டினார். மறுபடியும் தட்டினார். தலைக்குள் முப்பது வருஷ அனுபவம் கணக்குப் போட்டது.

"குருவே! இங்க வாங்க! இந்த அழுத்தம் உலகத்துலயே கிடையாது! இது நிஜம்னா இந்நேரம் இந்த மலை வங்காள விரிகுடாவுல மிதக்கணும்!"

"கருவி பொய் சொல்லாதுன்னீங்களே ஐயா."

"சொல்லாது! எவனோ பின்னாடி கை வெச்சிருக்கான்!"

சுவரிலிருந்து வெடுக்கென்று கழற்றித் திருப்பினார். திருகில் குறட்டின் தடம் பளிச்சென்று தெரிந்தது.

"குறடு தரட்டுமா?" என்றார் குரு. "அது ரொம்ப இறுக்கமா இருக்கும்."

"எதுக்குக் குறடு? விரல் போதும்."

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் திருகைப் பிடித்தன. திருகின. மறுபக்கத்தில் முள் ஒவ்வொரு கோடாகத் திரும்பி வந்தது.

பாதியில் விரல் நின்றது.

சீடர் விரலைப் பார்த்தார். ஜன்னல் ஓரம் அடுக்கியிருந்த காலி மாத்திரை அட்டைகளைப் பார்த்தார். அவர் உதடு மெல்ல அசைந்தது: வைகாசி, ஆனி, ஆடி, ஆவணி...

தலையைத் தூக்கினார்.

குருவால் அதற்கு மேல் முடியவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்து, மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடிப்பாவி..." என்றார் சீடர். "குருவே!"