பூனைக்கு முன்னால் போன கட்டியக்காரன்

மருதங்கோட்டைப் பாளையத்தை ஆண்ட குமாரபூபதிக்குப் பூனை என்றால் உயிர். அரண்மனையில் மொத்தம் பதினேழு பூனைகள். மூன்று வேளையும் பால்சோறு. வெள்ளிக்கிழமைதோறும் எண்ணெய்க் குளியல். குளிப்பாட்டும் சேவகர்களின் முழங்கையைப் பார்த்தே அன்று வெள்ளிக்கிழமை என்று ஊரார் தெரிந்துகொள்வார்கள்.

பூனைகளுக்கு மரியாதையும் உண்டு. அவை எங்கே கிளம்பினாலும் முன்னால் ஒரு கட்டியக்காரன் வெள்ளித் தடியைத் தரையில் தட்டிக்கொண்டு போவான். "பராக், பராக். எலிகுலக் காலன் வருகிறார். எட்டுத் திக்கும் நடுங்கும் மீசைக்காரர் வருகிறார். வழிவிடுங்கள்" என்று தொண்டை கிழிய முழங்குவான். அடுத்து ஒருவன் குடை பிடித்து வருவான். கடைசியில்தான் பூனை.

திங்கட்கிழமைதோறும் இந்த ஊர்வலம் நெல் களஞ்சியத்துக்கு எலி பிடிக்கப் போகும். கதவைத் திறப்பார்கள். பூனை எட்டிப் பார்க்கும், கொட்டாவி விடும், திரும்பிவிடும். "எலி ஏதும் இல்லை" என்று ஓலை எழுதி, தளவாய் சடையப்பர் முத்திரை வைப்பார். ஆறு வருடமாக அதே ஓலைதான். நாள் மட்டும் மாறும்.

எலி இல்லாத அந்தக் களஞ்சியத்தில் மூட்டைகள் கிழிந்தன, நெல் குறைந்தது. களஞ்சியத்தைக் காத்தவள் வெயிலாள். எலித் தொல்லை தாங்கவில்லை என்று அவள் முறையிட்டாள். பாவம், அவள் செய்த ஒரே குற்றம் உண்மையை உரக்கச் சொன்னதுதான்.

தளவாய் அவளைச் சபைக்கு இழுத்துவந்தார். பூனைகள் தேடியும் எலி இல்லை. ஆகவே எலி இல்லை. எலி இல்லாமல் நெல் குறைகிறது. ஆகவே வெயிலாள் திருடுகிறாள். திருடியதோடு நில்லாமல் அரச பூனைகளையும் பழிக்கிறாள். ஆகவே மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, உச்சிப்பொழுதுக்குள் எல்லை தாண்ட விடவேண்டும். தளவாய் தம் தர்க்கத்தைத் தாமே ரசித்துத் தலையாட்டினார். வெயிலாளின் வேலைக்குக் காத்திருந்த அவருடைய மைத்துனனும் சபை ஓரத்தில் நின்று தலையாட்டினான்.

வெயிலாள் முந்தானையை விரித்துக் காட்டினாள். உள்ளே கைப்பிடி எலிப் புழுக்கை. "எசமான், இது தானா முளைக்குமா?" என்று அழுதாள்.

தளவாய் குனிந்து பார்த்தார். "கருஞ்சீரகம்" என்றார்.

அரசருக்கு வரும் ஓலைகளைச் சபையில் படித்துச் சொல்லும் உலகம்மை இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வாயாடி என்று பெயர் எடுத்தவள். பெண் நியாயம் பேசினால் வேறு என்ன பெயர் கொடுப்பார்கள்?

"கருஞ்சீரகம்தான் என்றால் இன்று தளவாய் வீட்டு ரசத்தில் ஒரு சிட்டிகை போடட்டுமே" என்றாள். சபை இருமியது.

அடுத்து அவள் அரசரைக் கும்பிட்டாள். "மகாராஜா, தளவாய் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். களஞ்சியத்தில் எலி கிடையாது. தீர்ப்புக்கு முன் பட்டத்துப் பூனையோடு தாங்களே ஒருமுறை பார்த்துவிடுங்கள். கட்டியக்காரன் மட்டும் வேண்டாம்."

தளவாய் துள்ளினார். கட்டியம் இல்லாமல் பட்டத்துப் பூனை நடப்பதா? பரம்பரை வழக்கம் என்னாவது?

"தளவாய் ஐயா, கட்டியம் எதற்காக?"

"எதிரில் இருப்பவர்கள் ஒதுங்கி வழிவிட."

"களஞ்சியத்துக்குள் யார் இருக்கிறார்கள் ஒதுங்க? பூட்டிக் கிடக்கிறது. எலியும் இல்லை என்கிறீர்கள். கட்டியம் வேண்டுமானால், ஒதுங்க வேண்டிய ஆள் யார் என்று சொல்லிவிடுங்கள்."

தளவாய் வாயைத் திறந்தார். என்ன சொன்னாலும் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்து மூடிக்கொண்டார். அரசர் எழுந்தார்.

பூனையைத் தாமே தூக்கிக்கொண்டு, மிதியடியைக் கழற்றிவிட்டு, ஓசைப்படாமல் நடந்தார். வெயிலாள் கதவைத் திறந்தாள்.

உள்ளே திருவிழா. மூட்டைக்கு மூட்டை எலிகள். மரக்காலின் விளிம்பில் உட்கார்ந்து கொழுத்த எலி ஒன்று நெல்லை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. அது பூனையைப் பார்த்தது. பூனை அதைப் பார்த்தது. இருவருக்கும் இதுதான் முதல் சந்திப்பு. எலி நெல்லைக் கீழே போடக்கூட இல்லை. எட்டுத் திக்கும் நடுங்கும் மீசைக்காரர் அரசரின் தோளில் பாய்ந்து, தலைப்பாகைமேல் ஏறி, நான்கு கால் நகத்தையும் ஊன்றிக்கொண்டார்.

அரசர் தலையில் பூனையோடு சபைக்குத் திரும்பினார். வெயிலாளிடம் சாவிக்கொத்தைத் திருப்பிக் கொடுத்தார். அவளுடைய வார்த்தைக்கு எதிராக இனி எவருடைய ஓலையும் செல்லாது என்றார். பூனைகளுக்குப் பால்சோறு ஒரு வேளைதான் என்று உத்தரவிட்டார். நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி உலகம்மையைக் கேட்டார்.

"ஆறு வருடமாக என் வீட்டுக்குள் இத்தனை எலிகள். எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று?"

"கட்டியம் கேட்டதும் பொந்துக்குள் போய்விடும், மகாராஜா. பூனை திரும்பியதும் வெளியே வரும்."

"அப்படியென்றால் இன்றோடு பூனைகளுக்குக் கட்டியம் நின்றது."

"நல்லது. மகாராஜா மாதம் ஒருமுறை நகரம் சுற்றி வருகிறீர்களே, குடிகளுக்கு ஏதாவது குறை கண்டீர்களா? அதிகாரிகள் யாராவது அநியாயம் செய்கிறார்களா?"

"ஒன்றுகூடக் கண்டதில்லை" என்றார் அரசர் பெருமையாக. உலகம்மை கட்டியக்காரன் கையிலிருந்த வெள்ளித் தடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அரசரின் முகத்திலிருந்த பெருமை மெல்ல வடிந்தது.

தளவாய்தான் முதலில் பேசினார், அதுவும் அவசரமாக.

"பூனைகளுக்கு மட்டும் நிறுத்தினால் போதும் என்பது அடியேனின் தாழ்மையான கருத்து, மகாராஜா."

அரசர் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு பூனை தலையிலிருந்து சறுக்கி விழும்வரை சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உலகம்மையிடம் கொடுத்தார்.

"இப்போதே நகரம் சுற்றக் கிளம்புகிறேன். கட்டியக்காரன் இங்கேயே இருக்கட்டும். தளவாய், நீரும் என் பக்கத்திலேயே வாரும். முன்னால் போய்விடாதீர்."