திரும்பிப் பார்த்த ராஜா

முன்னொரு காலத்தில் பிரெஞ்சு தேசத்தை அதெமார் என்றொரு ராஜா ஆண்டார். ஆண்டார் என்று சொன்னால் மட்டும் போதாது. சட்டம் அவர், வரி அவர், போரும் அவர். காலையில் அவருக்குச் சட்டையை எடுத்து நீட்டுவது யார் என்று பிரபுக்கள் வெட்டு குத்து வரைக்கும் போவார்கள். அவர் உலாவப் புறப்பட்டால் முந்நூறு பேர் பின்னால் நடக்க வேண்டும். அவர் மட்டும் திரும்பிப் பார்க்கவே மாட்டார். ராஜா திரும்பினால் கௌரவக் குறைச்சலாம்!

அவருடைய தோட்டத்தில் நூற்றுக்கணக்கான நீரூற்றுகள். அவற்றுக்காக ஒர்வில் கிராமத்து ஓடையை அணைகட்டி மறித்துக் குழாயில் கொண்டுவந்துவிட்டார் நீர்த்துறைத் தலைவர் வில்ரோக் பிரபு. ஒர்வில்லில் மாடுகள் நாக்கு வறண்டு செத்தன. அரண்மனை விகடன் பாஸ்தியான் பிறந்தது அந்த ஊரில்தான். சேதி அவன் காதுக்கு எட்டியது. நேரே அவைக்குப் போனான்.

"மகாராஜா, ஒர்வில் ஓடையைத் திருப்பிக் கொடுங்கள்."

விகடன்மேல் வெகுநாளாகப் பொருமிக்கொண்டிருந்த வில்ரோக், இதுதான் சமயம் என்று எழுந்தார்.

"மகாராஜா, தங்கள் புகழ் எத்தனை காலம் நிற்கும் என்று இவன் சொல்லட்டும். நிரூபிக்கவும் வேண்டும். நிரூபித்தால் ஓடை, தவறினால் தலை!"

ராஜாவுக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. "நாளை மாலை உலாவில் பதில் சொல்" என்றார்.

நூறு வருஷம் என்றால் ராஜாவுக்கு அவமானம். என்றென்றும் என்றால் எப்படி நிரூபிப்பது? மண்டையைக் குடைந்துகொண்டே பாஸ்தியான் தோட்டத்துக்குப் போனான். ஊற்று ஒன்றுகூட ஓடவில்லை. குழாய்க்காரன் ஷானோ காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"என்னய்யா, தண்ணியவே காணோம்?"

"இருக்கிற தண்ணி ஒரு நேரத்துல நாலு ஊத்துக்குத்தான் காணும். ராஜா வர்றப்ப முன்னாடி நிக்கிறவன் விசிலடிப்பான், நான் திறப்பேன். அவரு தாண்டினதும் மூடிருவேன். வில்ரோக் பிரபு உத்தரவு. எல்லாம் ஓயாம ஓடுதுன்னு ராஜா நெனச்சிட்டிருக்காரு, பாவம்."

பாஸ்தியான் அவனைக் கட்டிக்கொண்டு முத்தம் கொடுத்தான்.

மறுநாள் மாலை உலா பாதி தூரம் போனதும் ராஜா கேட்டார்: "பதில் எங்கே?"

"கண்ணாலேயே காட்டுகிறேன், மகாராஜா. ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்."

"நான் திரும்புவதா?"

"நான் தலையையே பணயம் வைத்திருக்கிறேன். கழுத்தைத் திருப்புவதற்கு மகாராஜா இவ்வளவு யோசிக்கலாமா?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. திரும்பினார்.

கடந்து வந்த ஊற்றுகளில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிரபுக்களில் பாதிப்பேர் பொய்முடியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்கள். ஒரு சீமாட்டி செருப்பைக் கையில் வைத்திருந்தாள். வில்ரோக் பிரபு வயிற்றை முன்னே தள்ளி, ராஜாவின் நடையை அப்படியே நடந்து காட்டிக்கொண்டிருந்தார். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது.

"உங்கள் புகழ் நிற்கும் காலம் இவ்வளவுதான், மகாராஜா. நீங்கள் தாண்டியதிலிருந்து ஊற்று அடங்கும்வரை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று" என்றான் பாஸ்தியான்.

காவலன் வாளில் கை வைத்தான். ராஜா அவனைக் கையமர்த்தினார். வறண்ட தொட்டிகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்: "இந்தப் பதினொன்றைக் கொஞ்சம் நீட்ட வழியுண்டா?"

"ஓடையை விடுங்கள். ஒர்வில்காரர்கள் ஒவ்வொரு வாளி மொள்ளும்போதும் உங்கள் பெயரைச் சொல்வார்கள். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். என்னவென்றுதான் சபையில் சொல்ல முடியாது."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த வேகத்தில் விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றி விகடன் கையில் வைத்தார். அணையை வில்ரோக் பிரபுவே மண்வெட்டி பிடித்து உடைக்க வேண்டும் என்று அங்கேயே உத்தரவானது.

மூன்றாம் நாள் ஒர்வில்லில் தண்ணீர் வந்தது. ஊரே ஓடையில் இறங்கி நின்று ராஜாவை வாழ்த்தியது. பழக்கதோஷத்தில் இடையிடையே சில பழைய வசவுகளும் விழத்தான் செய்தன.