தொர்காஸின் பன்றி

“அவளிடம் கொடுக்காமல் வேறு யாரிடம் கொடுப்பார்கள்?”

ஓடையின் அந்தக் கரையில், நாணலுக்குப் பின்னால் சர்க்கரைவள்ளிக் கிழங்கு கழுவிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி சொன்னது இது. இந்தக் கரையில் யோசினா குனிந்து தண்ணீர் பிடிப்பது அவர்களுக்குத் தெரியாது. யாரிடம், எதை என்று அவர்கள் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. லிபிகா அம்மா தன் கறுப்புப் பன்றியை வளர்க்கச் சொல்லி தொர்காஸிடம் கொடுத்துவிட்டாள் என்பதுதான் சில நாட்களாக வெலேகி ஊர் முழுக்கப் பேச்சு.

சுரைக்குடுக்கை நிரம்பி வழிந்து யோசினாவின் கால் நனைந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

வெலேகி, பப்புவாவின் நடுமலையில் இருக்கிற ஊர். சாலை கிடையாது. வானம் தெளிந்த நாளில் புல்வெளியில் ஒரு சின்ன விமானம் வந்து இறங்கும். மற்றபடி எங்கே போவதென்றாலும் நடைதான். ஆண்களுக்கென்று தனியாக ஒரு வட்டவீடு. பெண்களும் பிள்ளைகளும் பன்றிகளும் வேறு வீடுகளில். அங்கே கல்யாணம் பன்றியால் நடக்கும், சண்டை பன்றியால் தீரும். ஒருத்தி தன் பன்றியை இன்னொருத்தியிடம் வளர்க்கக் கொடுத்தால், அவளைத் தன் ஆளாக ஊரறியச் சொல்லிவிட்டாள் என்று பொருள்.

ஊர் மதிக்கிற லிபிகாவிடம் பெண்கள் தங்கள் மனக்கேள்விகளோடு வருவார்கள். வந்தவள் கையில் அவள் முதலில் ஒரு தோண்டுகோலைக் கொடுப்பாள். பாத்தி முடியும்போது சிலருக்குக் கேள்வி மறந்துபோயிருக்கும். யோசினா அப்படி வந்து, போகாமல் நின்றுவிட்டவள். லிபிகாவைவிட அவள் வயதில் மூத்தவள். ஆனாலும் மற்றவர்களைப் போல அவளும் அம்மா என்றுதான் கூப்பிட்டாள். தொர்காஸ் வந்து சேர்ந்தது வெகுநாள் கழித்து. சிரித்துக்கொண்டே வேலை செய்கிற பெண். அந்தச் சிரிப்பே யோசினாவுக்குப் பிடிக்காது.

அன்று மதியம் பாத்தி வெட்டும்போது யோசினா கேட்டாள்.

“அம்மா, பன்றியை ஏன் எனக்குத் தரவில்லை?”

லிபிகா ஒரு கிழங்குக் கொடியைத் தூக்கிப் பார்த்தாள்.

“இப்போது சொன்னால் உனக்குக் கேட்காது. பன்றி கொழுக்கட்டும்.”

அதன்பின் அவள் மழையைப் பற்றிப் பேசினாள்.

வெலேகியில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் பன்றியைக் கூப்பிட ஒரு ஓசை உண்டு. பகலெல்லாம் காட்டோரம் மண்ணைக் கிளறித் திரிகிற பன்றி, மாலையில் தன்னை வளர்ப்பவளின் ஓசைக்கு மட்டும் திரும்பும். தொர்காஸின் ஓசை தொண்டையின் அடியில் தொடங்கி மூக்கில் போய் முடியும். யோசினா தன் தோட்டத்து வேலிக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பழகினாள். பல நாள் அந்த ஓசை வரவில்லை. ஒருநாள் வந்தது.

தொர்காஸ் கூப்பிடும் நேரத்துக்குச் சற்று முன்பு அவள் கூப்பிட்டாள். கறுப்புப் பன்றி பெரணிச் செடிகளை விலக்கிக்கொண்டு வந்து நின்றது. யோசினா வலைப்பையிலிருந்து கிழங்கை எடுத்து நீட்டினாள். பிறந்த பள்ளத்தாக்கிலிருந்து அவள் கொண்டுவந்து நட்ட கொடியில் விளைந்தது அது. உள்ளே கருஞ்சிவப்பாக இருக்கும், கையில் சாயம் ஒட்டும். வெலேகியில் மற்றவர்கள் தோட்டத்தில் எல்லாம் வெள்ளைக் கிழங்குதான்.

இந்த ருசி பிடித்துவிட்டால் பன்றி தொர்காஸை மறந்துவிடும் என்று யோசினா நினைத்தாள். ஒருநாள் எல்லோர் கண்முன்னாலும் அது தொர்காஸின் வாசலைத் தாண்டி இவள் வாசலுக்கு வரும். அப்போது அம்மா பார்க்கட்டும்.

அடுத்தவள் பன்றியை இப்படிக் கூப்பிடுவது திருட்டு. இதைவிடச் சின்ன விஷயத்துக்கு அந்த மலையில் ஆண்கள் வில்லை எடுத்திருக்கிறார்கள். அது தெரிந்தும் அவள் தினமும் போனாள்.

பன்றியோ நன்றி கெட்டதாக இருந்தது. இவளிடம் வயிறாரத் தின்றுவிட்டு, தொர்காஸ் கூப்பிட்டதும் அங்கேயும் போனது. இரண்டு பேர் கையிலும் தின்று அது ஊதிக்கொண்டே வந்தது. தொர்காஸ் என்னதான் போடுகிறாளோ, எங்களுக்கும் சொன்னால் ஆகாதா என்று ஓடைக்கரையில் பெண்கள் கேலி பேசினார்கள். யோசினா போட்ட கிழங்கெல்லாம் தொர்காஸுக்குப் பெயராக விளைந்தது.

வீட்டில் கிழங்கு குறைந்தது. ஆண்கள் வீட்டிலிருந்து சாப்பிட வந்த அவள் கணவன் நாகோர், தன் கையிலிருந்த விரல் தடிமனே இருந்த கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“நம் பன்றியும் இளைத்திருக்கிறது, நானும் இளைத்திருக்கிறேன். வேறு யார் கொழுக்கிறார்கள் என்று மட்டும் சொல்லு.”

எலி, என்றாள் யோசினா. பெரிய எலிதான், என்றான் அவன்.

இதற்கிடையில் தொர்காஸ் தோட்டத்துக்கு அழுத கண்ணோடு வந்தாள். பன்றி அவள் போடுவதை அரை மனதாகத் தின்கிறதாம். மோந்துவிட்டு மிச்சம் வைக்கிறதாம். அது பழைய வீட்டை நினைத்து அம்மாவிடமே ஓடிவருகிறதோ என்று அவளுக்குச் சந்தேகம். வருகிறதென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள் என்று லிபிகாவிடமே கேட்டாள். கேட்கும்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை. பக்கத்துப் பாத்தியில் இருந்த யோசினாவுக்கு அந்த முகம் பழக்கமானதாகத் தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு வெட்டினாள்.

லிபிகா இரண்டு பேரையும் பார்த்தாள். இங்கே வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மழை விட்டதும் ஆற்றுக்கு அப்பால் இருக்கிற ஊரோடு பகை தீர்க்கும் விருந்து வைக்க ஆண்கள் முடிவு செய்தார்கள். வெலேகியின் பெரிய பன்றியை வெட்டினால்தான் மரியாதை. பெரிய பன்றி எதுவென்று யாரும் கேட்கவில்லை.

விருந்துக்கு முந்தின மாலையும் யோசினா வேலிக்குப் பின்னால் போனாள். இனி அதைத் தன் பக்கம் இழுத்து ஆகப்போவது எதுவும் இல்லை, கூப்பிடத் தேவையும் இல்லை. ஆனாலும் கூப்பிட்டாள். வலைப்பையில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். அது தின்னும்போது காதுக்குப் பின்னால் சொறிந்துகொடுத்தாள். தன்னுடையது இல்லாத பன்றிக்காக எந்த முகத்தோடு அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுநாள் பன்றியின் மேல் அம்பு பாய்ந்தபோது அவள் விறகு எடுக்கப் போய்விட்டாள். திரும்பி வரும்போது கற்கள் சூடேறியிருந்தன. குழியில் இலை, கல், கிழங்கு, கறி என்று அடுக்கி மூடினார்கள். ஆவி எழுந்தது. ஆற்றுக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் வில்லில்லாமல் வந்து புல்லில் உட்கார்ந்தார்கள்.

கறியைப் பங்கு வைப்பது லிபிகா. குழியைத் திறந்ததும் மூங்கில் கத்தியோடு நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டாள். தொர்காஸ் மட்டும் ஒதுங்கி வேலியோரம் உட்கார்ந்து வெறும் கிழங்கைத் தின்றாள். வெலேகியில் தன் கையால் ஊட்டி வளர்த்ததை யாரும் தின்பதில்லை. பெற்ற பிள்ளையைத் தின்பது போல அது. வேலியோரம் தனியாக உட்காருவது துக்கமும்தான், பெருமையும்தான். ஊரே ஒருமுறை திரும்பிப் பார்க்கும்.

யோசினா தன் பெயருக்குக் காத்திருந்தாள். நாகோருக்குக் கிடைத்தது. பிள்ளைகளுக்குக் கிடைத்தது. விருந்தாளிகளின் கடைசி ஆள்வரை கிடைத்தது. இலையில் கொழுப்பு மட்டும் மினுங்கியது.

அவள் எழுந்து லிபிகாவின் அருகில் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அம்மா, ஊரெல்லாம் தின்கிறது. எனக்கு மட்டும் பங்கில்லையா? அன்றைக்குப் பன்றியும் அவளுக்கு. இன்றைக்குக் கறியும் இல்லை. நான் உங்களுக்கு யார்?”

லிபிகா கத்தியை இலையில் துடைத்தாள்.

“வளர்த்தவள் தின்பதில்லையே, யோசினா.”

“வளர்த்தது தொர்காஸ்.”

லிபிகா கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். விரல் இடுக்கிலும் நகக்கண்ணிலும் கருஞ்சிவப்பாகச் சாயம் படிந்திருந்தது.

“காலையில் பன்றியின் குடலைக் கழுவியது நான்.”

யோசினா அந்தக் கைகளையே பார்த்தாள். சற்றுத் தள்ளி நாகோர் எதற்கோ உரக்கச் சிரித்தான். வேறு யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

“உன் பன்றியை உனக்கே நான் எப்படிப் பரிமாறுவேன்?” என்றாள் லிபிகா.

யோசினா குழியைச் சுற்றி, உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் முன்னால் நடந்து, வேலியோரம் போய் தொர்காஸின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள்.

தொர்காஸ் மெல்லுவதை நிறுத்தினாள். பக்கத்தில் இருப்பவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த கிழங்கை இரண்டாகப் பிட்டு, சிறிய பாதியை யோசினாவிடம் நீட்டினாள்.