ஐஸ் பெட்டிக்குள் ஒரு பவளப்பாறை

தூத்துக்குடிப் பக்கம், உப்பளங்களுக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு. அங்கே ஒரு நண்டு இருந்தது. அதற்குப் பெயர் கிட்டங்கி. சரக்கு அடைத்துவைக்கும் கூடத்தை அந்த ஊரில் கிட்டங்கி என்பார்கள். கரையில் எது ஒதுங்கினாலும் வளைக்குள் இழுத்துப் போட்டு அடைக்கிற நண்டுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

கிட்டங்கிக்கு ஓர் ஆசை. எதிரே தெரியும் தீவுக்குப் பக்கத்தில், கடலுக்கு அடியில் இருக்கிறதே பவளப்பாறை, அதைப் போல் சின்னதாக ஒன்று தன் வாசலில் இருக்க வேண்டும்! ஆனால் செலவு மட்டும் ஆகக் கூடாது!

"சிங்கி இறால் தன் வாசல்ல முத்துச்சிப்பியா வச்சு இழைச்சிருக்காம். நமக்கு எதுக்கு அந்தப் பவுசு? ஒதுங்குனத வச்சே கட்டிருவோம்!" என்றது.

கட்டியும் விட்டது. ஏதோ படகிலிருந்து விழுந்த, மூடி இல்லாத ஐஸ் பெட்டி ஒன்று மணலில் பாதி புதைந்து கிடந்தது. அதுதான் தொட்டி. சங்கு சங்காகக் கடல் தண்ணீரை மொண்டு வந்து அதை நிரப்பியது. மீனவர்கள் வலையை உதறும் இடத்தில் கிடந்த பவளக் கற்களை, ஈரம் காயுமுன் உருட்டி வந்தது. கழுவாமலே உள்ளே வைத்தது. கண்ணுக்குத் தெரியாமல் கல்லில் ஒட்டியிருக்கும் பொடி உயிர்கள்தான் தண்ணீரைச் சுத்தம் பண்ணும் என்று அதற்குத் தெரியும். முதலில் தண்ணீர் நாறியது. பிறகு பழுப்பாகப் பாசி படர்ந்தது. அதன் பிறகுதான் தெளிந்தது. அதுவரை கிட்டங்கி ஒரு பூச்சியைக்கூட உள்ளே விடவில்லை. தினமும் விடிந்ததும் கால்களால் தண்ணீரை அளைந்து அளைந்து அலை உண்டாக்கியது. கருமிதான், ஆனால் சோம்பேறி இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தெளிந்த தண்ணீருக்கு முதலில் குடிவந்தது சுள்ளான் என்ற பொடி இறால். கல் இடுக்கில் கிடக்கும் குப்பையைத் தின்று சுத்தம் செய்வது அதன் வேலை.

அடுத்து வந்தது குங்குமி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன். பாவம், அது நல்ல நேரத்தில் வரவில்லை. கோமாளி மீனுக்கு வீடு என்றால் கடல் சாமந்திதான். பூவைப் போல விரிந்து, தொட்டால் கொட்டும் அந்த உயிரின் கைகளுக்குள்தான் அது ஒளிந்து வாழும். குங்குமியின் சாமந்தியை ஓர் இழுவை வலை கல்லோடு பெயர்த்துக் கரையில் போட்டுவிட்டது. அந்தக் கல்லைத்தான், தண்ணீர் தெளிந்த பிறகு, கிட்டங்கி தன் பெட்டியில் கொண்டுவந்து வைத்திருந்தது. கரையோரக் குட்டையில் தவித்துக்கொண்டிருந்த மீனைச் சங்கில் ஏந்திக் கொண்டுவந்து அதன் வீட்டிலேயே சேர்த்தது.

"இனி இது உன் இடம், தங்கச்சி! யாரு கேப்பா?" என்றது.

"எனக்கு வேற போக்கிடம் இல்ல அண்ணாச்சி," என்றது குங்குமி.

கோடை வந்தது. வெயில் சும்மா விடுமா? தினமும் பெட்டியில் தண்ணீர் ஒரு விரல் குறைந்தது. கிட்டங்கி பதறிப்போய்க் கடலுக்கு ஓடும். சங்கில் கடல் நீரை மொண்டு வரும். குறைந்த இடம் நிரம்பும் வரை ஊற்றும். மறுநாளும் குறையும். மறுநாளும் ஊற்றும். கரையில் இருந்த நண்டு, நத்தை எல்லாம் கூடி நின்று மெச்சின.

பனைக்கம்பத்தில் இருந்த காகம் எல்லாரையும்விட உரக்க மெச்சியது. "கடலையே சுமந்துட்டு வாரியே வே! உன்ன மாதிரி ஒருத்தன் உண்டா? ஊத்து, இன்னும் ஊத்து!" ஆரஞ்சு மீன் செத்து மிதக்காதா என்று நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்த பறவை அது. அதன் மெச்சலைக் கேட்டுக் கிட்டங்கிக்குத் தலைகால் புரியவில்லை.

சுள்ளான் மட்டும் ஒருநாள் முனகியது. "அண்ணாச்சி, தண்ணி என்னமோ கனமா இருக்கு. பழசுல கொஞ்சம் எடுத்து வெளிய கொட்டுங்களேன்."

"கொட்டவா!" கிட்டங்கிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நாயா அலைஞ்சு சுமந்த தண்ணிடே! ஒரு சொட்டு வெளிய போவாது!"

பெட்டியின் விளிம்பில் வெள்ளையாக ஒரு கோடு படிந்தது. நாளாக ஆக அது தடித்தது. கிட்டங்கி போவோர் வருவோரை எல்லாம் கூப்பிட்டுக் காட்டியது. "பாத்தீகளா, வெள்ளிப் பூண் போட்ட மாதிரி! காசு குடுக்காமக் கெடச்சது!"

ஒரு காலையில் சுள்ளான் செத்துக் கிடந்தது!

நேற்று மாலை வரை கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்த உயிர்! கடல் சாமந்தி கைகளைச் சுருட்டிக்கொண்டு சின்ன உருண்டையாகிவிட்டது. குங்குமி ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் படபடவென்று அடித்தது.

"தண்ணி பத்தலியோ?" என்று அலறிக்கொண்டு கிட்டங்கி கடலுக்கு ஓடியது. வழக்கத்தைவிட அதிகமாகவே ஊற்றியது. மீனின் நிலை இன்னும் மோசமானது.

அந்த நேரத்தில்தான் உப்பளத்திலிருந்து ஒரு நெடுங்கால் உள்ளான் பறந்து வந்து இறங்கியது. பாத்தி பாத்தியாக நடந்து புழு பூச்சி பொறுக்கித் தின்னும் பறவை. பெட்டியைப் பார்த்ததும் அதன் முகம் மலர்ந்தது.

"அடேங்கப்பா! நல்லா பாத்தி கட்டியிருக்கியே வே! எப்போ உப்பு வாரப் போற?"

"உப்பா?" என்றது கிட்டங்கி. "கண்ணு அவிஞ்சா போச்சு? இது பவளப்பாறை! உள்ள மீன் இருக்கு!"

"மீனா!" உள்ளான் அலகை நனைத்து ருசி பார்த்தது. பார்த்த வேகத்தில் பின்னால் துள்ளியது. "அட பாவி! உப்பு விளையறதுக்கு முந்தின பாத்தித் தண்ணியில்லா இது! இதுலயா மீன வச்சிருக்க?"

"கடல் தண்ணியத் தவிர நான் வேற எதையும் ஊத்தலையே!"

"அளத்துக்காரங்க மட்டும் வேற எதை ஊத்துதாங்க?"

கிட்டங்கி கொடுக்கில் இருந்த சங்கைத் திருப்பிப் பார்த்தது.

"வெயில் தண்ணிய மட்டுந்தான் தூக்கிட்டுப் போவும். உப்ப இங்கனயே விட்டுரும்," என்றது உள்ளான். "போனது வெறும் தண்ணி. நீ ஊத்துனது தண்ணியும் உப்பும். நெதம் ஊத்துனா? அதான் விளிம்புல பூத்திருக்கே, தெரியலியா?"

கிட்டங்கி வெள்ளைக் கோட்டைப் பார்த்தது. தலையைத் தூக்கித் தூரத்தில் தெரிந்த உப்புக் குவியல்களைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் குவியல்கள்! அது எப்படி வருகிறது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா? கொடுக்குகளால் முகத்தை மூடிக்கொண்டது. "ஐயோ, சுள்ளானக் கொன்னது நாந்தானா!"

"அழுதுட்டு நின்னா இதுவும் போயிரும். இந்தத் தண்ணியில கொஞ்சம் மொண்டு வெளிய கொட்டு. அந்த அளவுக்கு நல்ல தண்ணிய ஊத்து. மெதுவா, விட்டு விட்டு ஊத்து."

"நல்ல தண்ணியா! கடல் மீனுக்கா!" கிட்டங்கி பின்வாங்கியது. "அதுக்குக் கடல்லயே கொண்டு விட்டுரலாமே!"

"சட்டுனு மாத்துனா தாங்காது. நீந்தத் தெம்பில்லாத மீன அலை தூக்கிக் கரையிலதான் போடும். அங்க யாரு காத்திருக்கான்னு மேல பாரு!"

மேலே காகம் அலகைத் தீட்டிக்கொண்டிருந்தது.

கிட்டங்கி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது. "தங்கச்சி, நல்ல தண்ணி ஊத்தச் சொல்லுதாரு."

"வேண்டாம் அண்ணாச்சி," என்றது குங்குமி. குரலே எழும்பவில்லை. "பயமா இருக்கு."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு பிள்ள," என்றது கிட்டங்கி.

மணல்திட்டுக்கு அப்பால் பெண்கள் குடிதண்ணீருக்காகத் தோண்டிய ஊற்று ஒன்று இருந்தது. கிட்டங்கி அங்கே ஓடிப்போய்ச் சங்கை நிரப்பிக்கொண்டு வந்தது. அதற்குள் காகம் ஊரையே கூட்டிவிட்டது.

"கொலை! கொலை! கடல் மீனுக்கு நல்ல தண்ணி ஊத்திக் கொல்லப் பாக்கான்! தடுங்க!"

நண்டுகள் பாய்ந்து வந்து மறித்தன. சில நண்டுகள் சிப்பித் துண்டுகளையும் கற்களையும் எடுத்து எறிந்தன. நத்தைகள் ஒப்பாரி வைத்தன. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. இத்தனை நாள் நண்டு அறியாமல் உயிரை எடுத்துக்கொண்டிருந்தபோது மெச்சிய கூட்டம், உயிரைக் காப்பாற்ற வந்தபோது கல்லெறிந்தது! உள்ளான் தன் நெடுங்கால்களைப் பரப்பிக் குறுக்கே நின்றது. அந்தக் கால்களுக்கு இடையில் புகுந்து கிட்டங்கி பெட்டியை அடைந்தது. ஒரு சங்கு மொண்டு வெளியே கொட்டியது. தான் சுமந்த தண்ணீரைத் தானே மணலில் கொட்டியது! பிறகு ஊற்றுத் தண்ணீரை ஓரமாக, சொட்டுச் சொட்டாக விட்டது.

கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மீன் சாகவில்லை.

மெதுவாக இன்னொரு சங்கு. நிழல் நீண்ட பிறகு இன்னொன்று. பொழுது சாய்கிற வேளையில் குங்குமியின் செவுள் படபடப்பு அடங்கியது. அடுத்த நாளும் கிட்டங்கி அப்படியே செய்தது. அதற்கும் அடுத்த நாள் மீன் நிமிர்ந்தது. கடல் சாமந்தி ஒவ்வொரு கையாக நீட்டிப் பார்த்து, பிறகு முழுதாக விரிந்தது. குங்குமி அதற்குள் புகுந்துகொண்டு தலையை மட்டும் வெளியே நீட்டியது.

"அண்ணாச்சி, பசிக்கி!" என்றது.

கிட்டங்கிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்லெறிந்த நண்டுகள் தலையைக் குனிந்துகொண்டு வளைகளுக்குள் போயின. காகம் வெறும் வயிற்றோடு பறந்தது.

மறுநாள் விடிந்ததும் கிட்டங்கி பெட்டியைப் பார்த்தது. தண்ணீர் ஒரு விரல் குறைந்திருந்தது. உடனே சங்கைத் தூக்கிக்கொண்டு ஓட்டமாக ஓடியது. ஈரமணலில் கால் பட்டது. அலை வந்து சங்கை நிரப்பியது. அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று அதற்கு உறைத்தது. கடலில் நின்றுகொண்டிருந்தது! சங்கைக் கவிழ்த்துக் கடைசிச் சொட்டு வரை கொட்டிவிட்டு, திரும்பி ஊற்றை நோக்கி நடந்தது.

ஒருவருக்கு எது குறைந்திருக்கிறது என்று தெரியாமல் அன்போடு அள்ளிக் கொடுத்தாலும், அந்த அன்பே அவர் உயிரை எடுத்துவிடும்.