மீட்டர் நல்லதென்று சொன்ன கம்பி

நாமக்கல்லில் லாரிகளுக்கும் குறைவில்லை, லாரிக்கு வைத்தியம் பார்ப்பவர்களுக்கும் குறைவில்லை. ஆனால் என்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரில் கோளாறு என்றால் எல்லா மெக்கானிக்கும் கையை விரித்துவிட்டு ஒரே இடத்துக்குத்தான் வழி சொல்வார்கள். அது லூர்துமேரியின் பட்டறை. முன்பு ஐ.டி.ஐ.யில் பாடம் நடத்தியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'மிஸ்'. மீசை நரைத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அங்கே செங்கோடன் ஒன்பது வருஷமாகச் சீடன். குருவுக்கும் சீடனுக்கும் நாலே வயதுதான் வித்தியாசம். வயரிங் வேலையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து வேலை பார்க்கும் அந்த ஜன்னலோர மேஜை மட்டும் மிஸ்ஸினுடையது. ஒருநாள் தன்னை அங்கே உட்காரச் சொல்வார் என்று செங்கோடன் காத்திருந்தான். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு வாங்குவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

ஏழு மாதத்துக்கு முன்பு திருமூர்த்தி வந்து சேர்ந்தான். உடுமலைப்பேட்டையில் இருபது வருஷம் டி.வி. ரிப்பேர் பார்த்தவன். வந்த மூன்றாம் நாளே மிஸ் அவனை அந்த மேஜையில் உட்காரவைத்தார்.

செங்கோடனுக்கு வயிறு எரிந்தது. அன்றிலிருந்து திருமூர்த்தி எதைச் செய்தாலும் பிடிக்கவில்லை. அவன் டீயை உறிஞ்சும் சத்தம் பிடிக்கவில்லை. 'அண்ணா, அண்ணா' என்று பின்னாலேயே வருவது அதைவிடப் பிடிக்கவில்லை. மரியாதை இல்லாமலாவது பேசித் தொலைத்தால் சண்டை போடலாம். பாவிப்பயல் அதற்கும் இடம் கொடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் நாச்சிமுத்துவின் முட்டை லாரி வந்தது. பதினாறு வருஷத்து வண்டி. அவனுக்கு இருப்பது அது ஒன்றுதான், ஓட்டுவதும் அவனே. ஓடிக்கொண்டே இருக்கும்போது திடீரென்று இழுவை போய்விடுகிறது என்றான். பெட்டியை மாற்றியாக வேண்டும் என்றார் மிஸ். அந்த மாடலுக்குப் புதுப் பெட்டி வருவது நின்று பல வருஷம் ஆயிற்று. நாச்சிமுத்து சேலம், கோயமுத்தூர் என்று பழைய வண்டி உடைக்கிற இடமெல்லாம் அலைந்து ஒரே ஒரு பெட்டியைத் தேடிக் கொண்டுவந்தான்.

"திருமூர்த்தி, பெட்டியை நீ பாரு. செங்கோடா, நீ எர்த் கம்பியைப் பாத்துரு" என்றார் மிஸ்.

பெட்டியிலிருந்து லாரியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குப் போகும் கறுப்புக் கம்பி அது. பெட்டிக்குள் போன கரண்டு எல்லாம் அந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். செங்கோடன் மீட்டரின் ஒரு முனையை இந்தப் பக்கமும் மறுமுனையை அந்தப் பக்கமும் வைத்தான். 'பீப்' என்று கத்தியது. கம்பி நல்ல கம்பி என்று அர்த்தம்.

கம்பியை விடும்போது லேசாக வளைந்தது. உறைக்குள்ளே நறநறவென்று ஏதோ நெரிந்தது. உள்ளே செம்பு இழைகள் அரித்துப் பச்சை பூத்துவிட்டன என்று அவன் விரல்களுக்குத் தெரிந்துவிட்டது. மிஸ்ஸிடம் சொல்லத் திரும்பினான்.

ஜன்னலோரத்தில் திருமூர்த்தி ஏதோ சொல்ல, மிஸ் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். இந்த ஒன்பது வருஷத்தில் தன் பேச்சுக்கு அவர் அப்படிச் சிரித்ததாகச் செங்கோடனுக்கு ஞாபகம் இல்லை.

"என்ன செங்கோடா, பாத்தாச்சா?"

"மீட்டர் கத்துதுங்க மிஸ்" என்றான்.

பொய்யில்லை. மீட்டர் கத்தத்தான் செய்தது.

"அண்ணா பாத்துட்டாருன்னா மறுக்காப் பாக்க வேண்டியதில்லீங்க மிஸ்" என்று சொல்லித் திருமூர்த்தி பெட்டியை மாட்டினான். வண்டி ஒரே சாவியில் கிளம்பியது. நாச்சிமுத்து திருமூர்த்தியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான். செங்கோடன் வெளியே போய் நின்றுகொண்டான்.

நாலாம் நாள் அதே லாரி இன்னொரு லாரியின் பின்னால் சங்கிலியில் கட்டி இழுக்கப்பட்டு வந்து சேர்ந்தது. நாச்சிமுத்துவின் சட்டையெல்லாம் முட்டைக் கரு காய்ந்து ஒட்டியிருந்தது.

"பாலக்காடு தாண்டி ஒரு ஏத்தத்துல அப்படியே நின்னுபோச்சுங்க மிஸ். வண்டி பின்னால உருளுது. பின்னால ஒரு பஸ்ஸு, நெறைய சனம். எப்படியோ ஒடிச்சுத் திருப்பி மண்ணுமேட்டுல முட்ட வெச்சனுங்க. முட்டை போனாப் போகுது. அந்தச் சனத்தை நெனச்சா இன்னும் கை நிக்க மாட்டேங்குதுங்க."

திருமூர்த்தி பெட்டியைத் திறந்தான். உள்ளே ஒரு பக்கம் கருகியிருந்தது. அவன் முகம் செத்துப்போனது.

"என் தப்புதானுங்க மிஸ். எங்கியோ சால்டர் சரியா வெக்காம உட்டிருக்கறேன்."

செங்கோடனின் மனசுக்குள் ஒரு நிமிஷம் தித்தித்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, சந்தோஷமாகவே இருந்தது. ஏழு மாதம் அடக்கிவைத்தது அந்தத் தைரியத்தில் வெளியே வந்துவிட்டது.

"ஒம்பது வருஷமா இருக்கறவனை உட்டுப்போட்டு, நேத்து வந்தவனை அந்த மேஜையில உக்கார வெச்சீங்களே மிஸ். எங்கிட்ட என்னங்க கொறை?"

மிஸ் வண்டிக்குள் ஏறிக் கறுப்புக் கம்பியின் நுனியை வெளியே இழுத்தார்.

"மீட்டரை எடுத்துட்டு வா."

கொண்டுவந்தான்.

"வெச்சுப் பாரு."

வைத்தான். 'பீப்' என்று கத்தியது.

"என்ன சொல்லுது?"

"நல்ல கம்பின்னு சொல்லுதுங்க."

"சரி. ஒரு ஹெட்லைட் பல்பு கொண்டா."

பல்பின் ஒரு முனையைப் பேட்டரியில் மாட்டச் சொன்னார். மறுமுனையைத் தாமே அந்தக் கம்பியில் வைத்துப் பிடித்தார். பளிச்சென்று எரிய வேண்டிய பல்பு பீடி நுனி போலச் சிவந்ததோடு சரி.

மிஸ் கத்தியை எடுத்துக் கம்பியின் உறையை நீளவாக்கில் கீறினார். பச்சைப் பொடி கொட்டியது. இத்தனை இழைகளில் ஒன்றே ஒன்றுதான் அறுபடாமல் இருந்தது.

"மீட்டர் அனுப்புற கரண்டு கொஞ்சூண்டு. அது தாண்டிப் போறதுக்கு இந்த ஒத்தை இழை போதும்" என்றார். "ஏத்தத்துல வண்டி இழுக்கறப்ப வர்ற கரண்டுக்கு வழி பத்தலை, பெட்டி கருகிருச்சு. கம்பி நல்லதான்னு தெரியணும்னா லோடு ஏத்திப் பாக்கணும். அன்னிக்கு நானும் பாக்கச் சொல்லலை."

மேஜையில் திருமூர்த்தி தலைகுனிந்தபடி கருகிய இடத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். கம்பியைப் பற்றிக் கேட்டும், மீட்டரை வைத்தவன் பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாச்சிமுத்து வாசலில் உட்கார்ந்து சட்டையில் ஒட்டியிருந்ததை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தான்.

செங்கோடன் மீட்டரைக் கீழே வைத்தான்.

"அவந்தப்பு இல்லீங்க" என்றான். "கையில புடிச்சப்பவே எனக்குத் தெரியுமுங்க மிஸ். தெரிஞ்சேதான் சொல்லாம உட்டேன்."

சுரண்டும் சத்தம் நின்றது. நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தான்.

மிஸ் ஒரு புதுக் கம்பிச் சுருளை எடுத்துச் செங்கோடன் கையில் கொடுத்தார். "திருமூர்த்தி, பெட்டியில கருகுன அந்தப் பாதையைத் தேத்திர முடியுமா?"

"தேத்திரலாமுங்க மிஸ். பொழுது சாயறதுக்குள்ள முடிச்சர்றேன். அண்ணா கம்பி போட்டுட்டார்னா மாட்டிரலாம்."

அந்த 'அண்ணா' செங்கோடனை அறைந்தது. குனிந்து கம்பியை வெட்டினான். வெட்டிக்கொண்டே, அழுகையும் ஆத்திரமும் கலந்த குரலில், கடைசியாக ஒருமுறை கேட்டான்.

"இத்தனை வருஷத்துல எனக்கும் ஒருதரம் லோடு ஏத்திப் பாத்திருக்கலாமில்லீங்க மிஸ்?"

மிஸ் ஜன்னலோர மேஜையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

"ஏத்தி ஏழு மாசம் ஆச்சு, செங்கோடா."