தங்கை ரத்தத்தில் விட்ட சொல்

அந்தக் காலத்தில் வயிற்றுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தவன் எழுந்து போய்விடுவான், அவ்வளவு சத்தம். இரைப்பையும் சிறுகுடலும் அண்ணன் தங்கை. மேல்வீடு அண்ணனுக்கு, கீழ்வீடு தங்கைக்கு.

அண்ணன் காய்ச்சும் அமிலம் ஊரறிந்தது. ஆட்டெலும்பைப் போட்டால் அரைநாளில் கஞ்சியாகிவிடும். எப்போது காய்ச்ச வேண்டும் என்று சொல்லத் தலையிலிருந்து நரம்பு ஓடிவருவான். அவன் கால் தரையில் படாது. மூன்றாவது தெருவில் யாரோ கருவாடு வறுத்தாலே வந்து நின்று, "அண்ணே, அமிலத்தைத் திறந்து விடுங்க" என்பான். அண்ணனும் திறந்துவிடுவார். திறக்கச் சொல்ல ஆள் இருந்தது. மூடச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

பொங்கிய அமிலமெல்லாம் தங்கை வீட்டுக்குள் இறங்கியது. பட்டுப் போன்ற மேனி அவளுக்கு. ஒரு பக்கம் வெந்தேவிட்டது. இன்னும் இரண்டு வேளை இப்படி இறங்கினால் ஓட்டை விழுந்துவிடும். இருந்த சத்தத்தில் அவள் குரல் மேல்வீட்டுக்கு எட்டவில்லை; 'போதும்' என்று அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி நரம்பிடம் கெஞ்சினாள்.

அவன் சிரித்தான். "நான் தலைக்கு வேலை பாக்கிறவன், தாயி. அங்க என்ன சமையல்னுதான் கேப்பாங்க. உள்ள போனது என்னாச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

தங்கை வெந்த தோலிலிருந்தே ஒரு துளியைப் பிழிந்தாள். தன் சொல்லை அதற்குள் வைத்து, சுவரோரம் ஓடிய ரத்தத்தில் விட்டுவிட்டாள்.

"அண்ணன் வீடு இந்தா மேலதான இருக்கு. இது ஈரலுக்குப் போயி, நெஞ்சுக்குப் போயி, கால் பெருவிரலையும் சுத்திட்டுல்ல வரும்" என்று கேலி செய்தான் நரம்பு.

சுற்றத்தான் செய்தது. முழங்கால் பார்த்தது, ஒன்றும் விளங்கவில்லை. காது பார்த்தது, வேறு யாருக்கோ என்று விட்டுவிட்டது. இரைப்பையின் வாசலுக்கு வந்தபோதுதான் அண்ணன் கை அப்படியே நின்றது. தங்கை சொல் அண்ணனுக்குத் தெரியாதா? சத்தமில்லாமல் மூடிவிட்டார். கீழே எரிச்சல் அடங்கியது.

அண்ணனும் அந்த வித்தையைப் பழகிக்கொண்டார். சோறு நிஜமாகவே வந்து விழுந்தால் தன் கீழறையிலிருந்து ஒரு துளியை ரத்தத்தில் விட்டு, மேலறைக்கு 'இன்னும் கொஞ்சம் காய்ச்சு' என்று சொல்லியனுப்பினார். ஓடவே தெரியாதவள் தன்னை ஜெயித்துவிட்டாள் என்று நரம்பே தலையிடம் போய்ச் சொன்னானாம்.

அன்று தொட்டுத்தான் அவசரச் சேதி நரம்பிலும் நிதானச் சேதி ரத்தத்திலும் போகிறது. நரம்பையே அறுத்துப் போட்டாலும் தங்கையின் சொல் மட்டும் அண்ணனிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது.