ஆணைக்குக் காத்திராத வியர்வை

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் பெயர் வைத்து முடியாத ஒரு காலத்தில், ஏரிகள் நிறைந்த ஒரு நாட்டைச் செங்கோடன் என்ற அரசன் ஆண்டுவந்தான்.

அவன் கெட்டவன் இல்லை, கேளுங்கள். எல்லாம் தன் கைக்குள் இருக்க வேண்டும் என்று நினைப்பவன், அவ்வளவுதான். அவன் ஆணையில்லாமல் அங்கே களஞ்சியம் திறக்காது, கோட்டைக் கதவு திறக்காது, ஏரி மதகு திறக்காது. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஓர் ஐப்பசியில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. பெரிய ஏரி விளிம்புவரை நிறைந்து, கரை கசியத் தொடங்கியது. அரசனோ அண்டை நாட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தான். மதகுக் காவலன் ஆதன் கையைப் பிசைந்தான். பிறகு யாரையும் கேட்காமல் மதகைத் திறந்துவிட்டான். கரை தப்பியது, ஊர் தப்பியது, ஆதன்தான் தப்பவில்லை. திரும்பி வந்த அரசன் அவனுக்கு மரண தண்டனை விதித்தான்.

"என் உடம்பில் எதுவும் என்னைக் கேட்காமல் அசையாது. என் நாடும் அப்படித்தான்" என்று சபையில் மார்தட்டினான்.

அரசி அல்லியங்கோதைக்குச் சிரிப்பு வந்தது. "அதைச் சபைக்குக் காட்டுங்கள், அரசே. தோற்றால் ஆதனை விட்டுவிடுங்கள்" என்றாள். இதென்ன பெரிய காரியம் என்று அரசனும் ஒப்புக்கொண்டான்.

உச்சி வெயிலில் நின்றான். வராதே என்றான், வியர்வை வந்தது. கோட்டைப் படிகளில் ஓடி ஏறினான். இரைக்காதே என்றான், மூச்சு இரைத்தது. குளிர்ந்த ஏரியில் கழுத்தளவு நின்றான். நடுங்காதே என்று சொல்லப் பார்த்தான். பல் கிட்டித்துப் பாதிச் சொல்தான் வெளியே வந்தது.

"வியர்வை உங்கள் ஆணைக்குக் காத்திருந்தால் உடல் கொதித்திருக்கும். மூச்சு காத்திருந்தால் படியிலேயே விழுந்திருப்பீர்கள். நடுக்கம் காத்திருந்தால் இந்நேரம் விறைத்திருப்பீர்கள். நீங்கள் தூங்கும்போது உங்கள் இதயத்துக்கு ஆணையிடுவது யார், அரசே?" என்று கேட்டாள் அரசி.

செங்கோடன் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தான். பிறந்த நாள் முதல் யாரும் சொல்லாமலே அது அடித்துக்கொண்டிருந்தது. அவனுக்குக் கண் கலங்கியது.

ஈரம் சொட்டச் சொட்டச் சிறைக்குப் போய், தன் கையாலேயே ஆதனின் கட்டை அவிழ்த்தான். அவன் தோளில் கைபோட்டுச் சபைக்கு அழைத்து வந்தான்.

"என்னைக் கேட்காமலே என் நாட்டைக் காத்தவன் இவன்" என்றான். ஆணையிட்ட நாளிலெல்லாம் இல்லாத பெருமை அன்று அவன் முகத்தில் இருந்தது.

ஆணைக்குக் காத்திராமல் ஒவ்வோர் உறுப்பும் தன் கடமையைத் தானே செய்வதால்தான் உடம்பும் வாழ்கிறது, நாடும் வாழ்கிறது.